வாயிலில் ஒரு பட்டியல்

தபாற்கந்தோரிற் கடிதங்களைத் தரம் பிரிப்பவர் உறையின் மேலுள்ள முகவரியை மாத்திரமே நோக்குவர். உள்ளே இருப்பது திருமண அழைப்பாயினும் கடன்காரரின் நினைவூட்டலாயினும் அவருக்கு இரண்டும் ஒன்றே. அக்கடிதத்தை எவ்வூர்ப் பையில் இடுவது என்பதே அவர்முன் உள்ள வினா. ஒருநாள் மேலிடத்திலிருந்து ஒரு தாள் வருகின்றது. இன்ன ஊரிலிருந்து இன்ன வீட்டுக்கு வருங் கடிதங்களை அனுப்பவேண்டாம் என்று அதில் எழுதியிருக்கின்றது. அன்றோடு அவர் தொழில் மாறிவிடுகின்றது. அதுவரை வழிகாட்டியாய் இருந்தவர் வாயிற்காவலரும் ஆகிவிடுகின்றார். கணினி வலையமைப்புக்களில் றூட்டர் என வழங்கும் வழிப்படுத்திக்கு இத்தகைய மாற்றமே 1980 ஆம் ஆண்டுகளின் பிற்கூற்றில் நேர்ந்தது. அவ்வாறு அதன் கையில் கொடுக்கப்பட்ட தாளே அணுகற் கட்டுப்பாட்டுப் பட்டியல் எனப்படுவது.

இப்பெயர் வழிப்படுத்தியைக் காட்டிலும் மூத்தது. அமெரிக்காவில் மல்ற்றிக்ஸ் என்னும் பெருங்கணினி முறைமையை வகுத்தோருள் டேலி, நொயிமன் என்னும் இருவர் 1965 இல் வெளியிட்ட கட்டுரையொன்றிலே, கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப்பட்டியல் இருத்தல் வேண்டும் என்றும், அதனை வாசிப்பவர் யார், எழுதுபவர் யார் என்று அப்பட்டியலே தீர்மானித்தல் வேண்டும் என்றும் விளக்கினர். பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. ஆகவே அயலவர் கை தன் ஏட்டிற் படாதிருக்க ஏற்பாடு வேண்டியிருந்தது. கணினிகள் பல ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டபோதோ, இவ்வெண்ணம் அவற்றை இணைத்த கம்பிகளுக்கு உடனே செல்லவில்லை. 1969 ஒக்டோபரிற் கலிபோர்ணியாவிலே இரு கணினிகளுக்கிடையே முதற்செய்தி அனுப்பப்பட்டது முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள், வலையமைப்பில் உள்ளோர் யாவரும் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளரே என்னும் நம்பிக்கையிலே பொதிகள் போய்வந்தன. படலையைச் சாத்தாத ஊர் அது. சாத்தவேண்டிய தேவையும் அன்று பெரிதாக இருந்ததில்லை.

ஸ்டான்போட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் யேகர் என்பவர், வெவ்வேறு நெறிமுறைகளிற் பேசிய வலையமைப்புக்களை இணைக்கும் வழிப்படுத்திக்கான ஆணைத்தொடரை எழுதினார். அப்பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய லெனாட் பொசாக், சான்டி லேர்னர் என்னும் தம்பதியர் 1984 டிசெம்பரில் நிறுவிய சிஸ்கோ நிறுவனத்தின் முதல் விளைபொருள்கள் அவ்வேலையின் அடியாக எழுந்தவையே. வழிப்படுத்தியின் இயல்பான கடமை எளியது. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் அது எங்கிருந்து வருகின்றது, எங்குச் செல்கின்றது என இரு முகவரிகள் உண்டு. சேர்விட முகவரியை நோக்கி எக்கம்பியில் அதனை விடுவது எனத் தீர்மானித்தலே அக்கடமை. மூல முகவரியை அது பொருட்படுத்துவதில்லை. இஃது ஒரு சிறு குறிப்புப் போலத் தோன்றினும், பின்னர் வந்த துன்பங்களுட் பாதி இதிலிருந்தே பிறந்தன.

1988 நவம்பர் 2 ஆந் தேதி மாலை, கோணெல் பல்கலைக்கழக மாணவராகிய றொபேட் மொறிஸ் எழுதிய சிறு நிரலொன்று மசாச்சுசெற்ஸ் தொழினுட்பக் கழகக் கணினியொன்றிலிருந்து வெளிவிடப்பட்டது. அஃது ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே படியெடுத்துச் சென்றது. அக்காலத்து இணையத்தில் இருந்தவை ஏறத்தாழ 60,000 கணினிகள். அவற்றுள் 6,000 வரையில் அன்றிரவும் மறுநாளும் செயலிழந்தன என மதிப்பிடப்பட்டது. மொறிஸ் 1990 இற் குற்றவாளியாகக் காணப்பட்டு, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணிநேரச் சமூகசேவையும், 10,050 டொலர் தண்டமும் விதிக்கப்பெற்றார். அந்நிகழ்ச்சி ஒரு பெரும் உண்மையை வெளிப்படுத்தியது. அப்புழு நுழைந்த வாயில்கள் யாவும் திறந்தே கிடந்தவை. யார் எங்கிருந்து கேட்டாலும் விடைபகரும் சேவைகள் ஒவ்வொரு கணினியிலும் இயங்கின. ஆயிரங் கணினிகளை ஒவ்வொன்றாகத் திருத்துவதிலும், அவை யாவற்றுக்கும் பொதுவான ஒற்றை வாயிலிற் காவல் வைப்பது எளிதன்றோ என்னும் எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது.

டிஜிற்றல் எக்குவிப்மன்ற் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜெப்றி மோகுல் 1989 இல் வெளியிட்ட கட்டுரை இவ்வெண்ணத்துக்குத் தெளிவான உருக்கொடுத்தது. யுனிக்ஸ் கணினியொன்றை வாயிலில் நிறுத்தி, வரும் பொதி ஒவ்வொன்றையும் விதிப்பட்டியலோடு ஒப்பிட்டு, விடுவதா தடுப்பதா எனத் தீர்மானிக்கும் ஏற்பாட்டை அவர் விவரித்தார். வழிப்படுத்திகளை ஆக்கிய நிறுவனங்களும் இதே வசதியைத் தம் பொறிகளிற் சேர்த்தன. அக்காலச் சிஸ்கோ வழிப்படுத்தியிற் பட்டியல்களுக்குப் பெயர் இருக்கவில்லை, எண்ணே இருந்தது. 1 முதல் 99 வரையுள்ளவை மூல முகவரியை மட்டும் நோக்கும் எளிய பட்டியல்கள். 100 முதல் 199 வரையுள்ளவை மூலம், சேர்விடம், நெறிமுறை, துறையெண் ஆகிய யாவற்றையும் நோக்கும் விரிந்த பட்டியல்கள். துறையெண் என்பது ஒரு பெரிய மாளிகையின் அறையெண்ணை ஒத்தது. மடல் சேவை 25 ஆம் எண்ணிலும், தொலைவிலிருந்து கணினியுட் புகும் ரெல்நெற் சேவை 23 ஆம் எண்ணிலும் இருக்கும்.

பட்டியலின் இலக்கணம் மூன்று விதிகளுள் அடங்கும். வரிகள் மேலிருந்து கீழாக வாசிக்கப்படும். பொருந்தும் முதல் வரியே தீர்ப்பளிக்கும், அதன்பின் உள்ளவை வாசிக்கப்படா. எந்த வரியும் பொருந்தாதாயின் பொதி தடுக்கப்படும். இம்மூன்றாம் விதி பட்டியலில் எழுதப்படுவதில்லை. ஆயினும் கண்ணுக்குத் தெரியாத கடைசி வரியாக அஃது எப்போதும் அங்கே நிற்கும். வெளிப்படையாக அநுமதிக்கப்படாதது தடுக்கப்பட்டதே என்னும் கொள்கை அவ்வொற்றை வரியில் அடங்கிக் கிடக்கின்றது. இணையத்தின் தொடக்ககாலக் கொள்கைக்கு அது நேர்மாறானது. முன்னைய உலகிலே, தடுக்கப்படாதது யாவும் செல்லலாம் என்பதே வழக்கு. புதிதாக ஒரு சேவையை ஆக்க விரும்பிய மாணவன் எவரிடமும் உத்தரவு கேட்கவேண்டியதில்லை. பட்டியல் வந்த பின்னரோ, அவன் தன் சேவைக்கு ஒரு வரி சேர்க்குமாறு வாயிலின் பொறுப்பாளரை வேண்டிநிற்க நேர்ந்தது. காவலின் விலையைக் கணக்கிடுவோர் இவ்விலையைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

இலக்கணம் எளிதாயினும் எழுதுவது எளிதன்று. அயற் பல்கலைக்கழகத்திலிருந்து வருவன யாவும் செல்க என்று முதல் வரியிலும், அப்பல்கலைக்கழகத்து மாணவர் ஆய்வுகூடத்திலிருந்து வருவன நிற்க என்று இரண்டாம் வரியிலும் எழுதிய பொறுப்பாளர் தம் விருப்பம் நிறைவேறியது என்றே நினைப்பார். ஆனால் ஆய்வுகூடத்துப் பொதியும் பல்கலைக்கழகத்துப் பொதியே. அது முதல் வரியிலேயே விடைபெற்று உட்சென்றுவிடும். இரண்டாம் வரி ஒருநாளும் வாசிக்கப்படாது. இன்னொரு பொறி முகவரி எழுதும் முறையில் உண்டு. வலையமைப்பின் எல்லையைக் குறிக்குமிடத்து 255.255.255.0 என எழுதிப் பழகியவர், சிஸ்கோ பட்டியலில் அதனைத் தலைகீழாக்கி 0.0.0.255 என எழுதுதல் வேண்டும். இங்கே சுழியம் என்பது ஒத்துப்பார் என்றும், மற்றது விட்டுவிடு என்றும் பொருள்படும். இதனைக் கற்கப் புகுந்தோருள் இவ்விடத்தில் இடறாதவர் அரியர். எண்ணிட்ட பழைய பட்டியல்களில் இடையே ஒரு வரியைச் செருகவும் இயலாது. புதிய வரி கடைசியிலேயே போய் நிற்கும். ஆகவே முழுப் பட்டியலையும் அழித்துத் திரும்ப எழுதவேண்டியிருந்தது.

தொலைவிலிருந்து வழிப்படுத்தியைத் திருத்துபவருக்கு வேறோர் இடரும் உண்டு. அவர் அனுப்பும் கட்டளைகளும் பொதிகளே ஆதலின், பிழையான ஒரு வரி அவரையே வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிடும். அநுபவமுள்ளோர் இதற்கு ஓர் உபாயங் கண்டனர். திருத்தத்தைத் தொடங்குமுன், இன்னும் பத்து நிமிடத்தில் நீ மீண்டும் தொடங்கு என்று வழிப்படுத்திக்கு ஆணையிட்டுவிடுவர். புதிய பட்டியல் சரியாயின் அவ்வாணையை நீக்குவர். தாமே பூட்டப்பட்டாராயின், பத்து நிமிடங் கழித்துப் பொறி பழைய பட்டியலோடு விழித்தெழும்.

இத்தகைய இடர்களை முறையாக ஆராய்ந்தவர் பிறென்ட் சப்மன் என்பவர். 1992 செப்டெம்பரிற் பால்ற்றிமோரில் நடைபெற்ற யுனிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் அவர் ஒரு கட்டுரையைச் சமர்ப்பித்தார். பொதிவடித்தல் பயனுள்ள கருவி என ஒப்புக்கொண்ட அவர், அதனை எழுதும் முறை மாந்தர் சிந்தனைக்கு ஒவ்வாதது என்று காட்டினார். சில பொறிகள் விரைவு கருதி விதிகளைத் தாமே வரிசை மாற்றிக்கொண்டமையை எடுத்துக்காட்டி, எழுதியவர் கருத்துக்கும் பொறியின் நடத்தைக்கும் இடையே அதனால் விளையும் வேற்றுமையை விளக்கினார். பட்டியல் இருப்பதே பாதுகாப்பு என எண்ணியிருந்தோர்க்கு அது கசப்பான செய்தியாய் இருந்திருக்கும்.

சப்மன் முதலானோர் ஆராய்ந்தவற்றுள் மிகச் சுவையானது விடைக்கும் வினாவுக்கும் உள்ள வேற்றுமையாகும். உள்ளிருப்போர் வெளியே சென்று வினவலாம், வெளியிலிருப்போர் உள்ளே வந்து வினவலாகாது என்பதே பெரும்பாலோர் விருப்பம். ஆனால் வினவியவருக்கு விடை வரவேண்டுமே. வருவது விடையா, புதிய வினாவா என்பதை வழிப்படுத்தி எங்ஙனம் அறியும்? ரி.சி.பி. நெறிமுறையில் உரையாடலைத் தொடங்கும் முதற் பொதியில், பெற்றுக்கொண்டேன் என்னும் ஒப்புதல் அடையாளம் இராது. அதன்பின் வருவன யாவற்றிலும் அஃது இருக்கும். அந்த ஒற்றைப் பிட்டை நோக்கி, அடையாளமுள்ளவற்றை மட்டும் உள்ளே விடுமாறு பட்டியலில் எழுதினர். வழிப்படுத்திக்கு நினைவாற்றல் இல்லை. உரையாடல் மெய்யாகவே உள்ளிருந்து தொடங்கிற்றா என்று அது அறியாது. பொதி தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்பியது.

கோப்புகளை அனுப்பும் பழைய நெறிமுறையில் இவ்வுபாயமும் உடைந்தது. அங்கே உள்ளிருப்பவர் சேவையகத்தின் 21 ஆம் துறையை அழைத்துக் கோப்பைக் கேட்பார். சேவையகமோ தன் 20 ஆம் துறையிலிருந்து அவரைத் திரும்ப அழைத்துக் கோப்பைக் கொடுக்கும். வெளியிலிருந்து வரும் அவ்வழைப்பு புதிய வினாவாகத் தோன்றும். அதனை விடுமாறு, 20 ஆம் துறையிலிருந்து வருவன யாவும் செல்க எனச் சிலர் எழுதினர். தன் மூலத் துறையெண்ணை 20 எனக் குறித்துக்கொள்ள எந்தக் கள்வனுக்கும் தடையில்லை என்பது பின்னரே அவர்களுக்கு உறைத்தது. ஸ்டீவன் பெலோவின் 1994 இல் எழுதிய இணையக் குறிப்பாவணம், உள்ளிருப்பவரே இரு அழைப்பையும் எடுக்கும் மாற்றுமுறையைக் கைக்கொள்ளுமாறு கேட்டது. அவ்வாண்டிலேயே பெலோவினும் அவர்தம் பெல் ஆய்வுகூடத் தோழர் வில்லியம் செஸ்விக்கும் தீச்சுவர்களைப் பற்றி எழுதிய நூலும் வெளிவந்தது. உரையாடல்களை நினைவிற் கொள்ளும் தீச்சுவரை இஸ்ரவேலைச் சேர்ந்த செக்பொயின்ற் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்ததும் ஏறக்குறைய அக்காலத்திலேயே. வாயிற்காவலருக்கு நினைவு வந்துவிட்டது. ஆயினும் வழிப்படுத்தியின் எளிய பட்டியல் மறையவில்லை. நினைவு வைத்தல் செலவுள்ள காரியம், பெருவெள்ளமாகப் பொதிகள் பாயுமிடத்தில் அது தாங்காது.

1994 டிசெம்பர் 25 ஆந் தேதி, நத்தார்ப் பெருநாளன்று, சன்டியேகோவில் இருந்த ஆய்வாளர் சுற்றோமு சிமோமுறாவின் கணினிகள் தாக்கப்பட்டன. வெளியிலிருந்து வந்த பொதிகள், அவருடைய கணினி நம்பியிருந்த வேறொரு கணினியின் முகவரியைத் தம் மூல முகவரியாகத் தாங்கி வந்தன. மூல முகவரியை எவரும் சரிபார்ப்பதில்லை என்று முன்னே கூறிய குறை இங்கே பெருங்கேடாய் முடிந்தது. இத்தகைய தாக்குதலுக்கு இடந்தரும் பலவீனத்தை 1985 இலேயே ஒருவர் பெல் ஆய்வுகூட அறிக்கையில் விளக்கியிருந்தார். அவர் வேறொருவரல்லர், மூன்றாண்டின் பின் புழுவை வெளிவிட்ட அதே றொபேட் மொறிஸ். நான்காண்டின் பின் பெலோவினும் இதனை மீண்டும் எழுதினார். அறிக்கைகள் அலுமாரியில் இருந்தன.

பரிகாரம் பட்டியலில் ஒற்றை வரி: வெளிக்கம்பியால் வரும் பொதி உள்வீட்டு முகவரியைத் தன் மூலமாகக் கூறுமாயின் தடுக்க. வீட்டுப் பிள்ளை எனத் தெருவிலிருந்து வந்து சொல்பவனை, பிள்ளைகள் யாவரும் உள்ளேயே இருக்கின்றனர் என்று கூறித் திருப்புவதை ஒக்கும் இது. ஆனால் அவ்வரியை எழுதுதற்கு, பொதி எக்கம்பியால் நுழைந்தது என்று பட்டியலுக்குத் தெரிதல் வேண்டும். அக்காலத்துப் பொறிகள் சிலவற்றிற் பட்டியல் பொதி வெளியேறும் கம்பியிலேயே பொருத்தப்பட்டது. அங்கு வந்து சேரும்போது அது வந்த திசை மறைந்துவிட்டிருக்கும். 1995 ஜனவரியில் அமெரிக்கக் கணினி அவசரசேவைக் குழு வெளியிட்ட எச்சரிக்கை, நுழைவாயிலில் வடிக்கவல்ல பொறிகள் எவை என்று நிறுவனந்தோறும் குறிப்பிட்டது. சிஸ்கோ பொறிகளுக்கு 9.21 ஆம் பதிப்பும் அதன் பின்னையவும் வேண்டியிருந்தன.

இதுகாறும் பேசப்பட்ட வரிகள் யாவும் தன் வீட்டைக் காக்க எழுதப்படுபவை. இனி வருவது வேறு வகையானது. 1996 செப்டெம்பரில் நியூயோர்க்கில் இணையச் சேவை வழங்கிய பனிக்ஸ் நிறுவனத்தை, உரையாடலைத் தொடங்கும் முதற் பொதிகளின் வெள்ளமொன்று மூழ்கடித்தது. ஒவ்வொரு பொதியும் பொய்யான மூல முகவரியோடு வந்தது. கதவைத் தட்டியவர் யார் என்று சேவையகம் விடையனுப்பிக் காத்திருக்க, அவ்விடைக்கு மறுமொழி வரவேயில்லை. காத்திருப்போர் வரிசை நிரம்பியது. மெய்யான வாடிக்கையாளருக்கு இடமில்லாதுபோயிற்று. பனிக்ஸ் தன் வாயிலில் எப்பட்டியலை எழுதினாலும் பயனில்லை, பொய்முகவரிகள் கணந்தோறும் மாறின. அப்பொய்யைக் கண்டறியக்கூடிய இடம் உலகில் ஒன்றே. அது தாக்குபவனின் பொதி முதன்முதலாக இணையத்துள் நுழையும் வாயில். அங்குள்ள வழிப்படுத்திக்குத் தன் வாடிக்கையாளரின் முகவரிகள் இவை என்று தெரியும். பிறிதொரு முகவரியோடு வெளியேறும் பொதி பொய்யே என அது துணியலாம்.

போல் பேர்குசன், டானியல் செனி என்னும் இருவர் இவ்விதியை 1998 ஜனவரியில் ஒரு குறிப்பாவணமாக எழுதினர். 2000 மே மாதத்தில் அது 2827 ஆம் எண்ணுடன் திருத்தி வெளியிடப்பெற்றது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன் யாகூ, ஈபே, அமசோன் முதலிய பெருந்தளங்கள் வெள்ளத் தாக்குதலால் மணிக்கணக்கில் முடங்கியிருந்தமையால், அறிவுரைக்குச் செவிசாய்க்கும் காலமாகவும் அது தோன்றியது. ஆயினும் இவ்வரியை எழுதுபவருக்கு இதனால் யாதொரு பயனும் இல்லை. காக்கப்படுவது எங்கோ இருக்கும் அந்நியரின் வீடு. எழுதும் உழைப்பும், பிழைத்தால் வரும் வாடிக்கையாளர் முறைப்பாடும் தமக்கு, நன்மையோ பிறர்க்கு. சிலர் எழுதினர். பலர் பிறகு பார்ப்போம் என்றனர்.

வாயிற் பட்டியலின் ஆற்றல் தெளிவாகத் தெரிந்த நாள் 2003 ஜனவரி 25. அன்று பரவிய சிலாமர் புழு 376 பைட்டு அளவினது. ஒரே யு.டி.பி. பொதிக்குள் முழுதும் அடங்கி, 1434 ஆம் துறையை நோக்கியே சென்றது. தொடக்கத்தில் எட்டரை விநாடிக்கொருமுறை இரட்டித்து, பத்து நிமிடத்துள் தாக்கக்கூடிய கணினிகளுட் பத்திலொன்பது பங்கைப் பற்றிக்கொண்டது. பற்றப்பட்டவை குறைந்தது 75,000. அமெரிக்காவில் வங்கியொன்றின் பணம் வழங்கும் பொறிகள் நின்றன. தென்கொரியாவில் இணையம் பெரும்பாலும் முடங்கியது. குறையைத் திருத்தும் ஆணைத்தொடரை மைக்ரோசொவ்ற் ஆறு மாதங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தும் பலர் அதனை இடவில்லை. அந்நேரத்திற் கைகொடுத்தது 1434 ஆம் துறைக்கு வருவன நிற்க என்னும் ஒற்றை வரியே. அது தூய மருந்தன்று. கணினிகள் தம் வினாக்களுக்கு விடை பெறத் தற்செயலாகத் தெரிந்தெடுக்கும் எண் சிலவேளை 1434 ஆகவும் அமையும். அக்குற்றமற்ற விடைகளும் வாயிலில் மாண்டன. எனினும் அன்று எவரும் அதைப் பற்றி முறையிடும் நிலையில் இல்லை.

பேர்குசனும் செனியும் எழுதிய விதியின் கதை அத்தனை விரைவாக முடியவில்லை. 2013 மார்ச்சில் ஸ்பாம்ஹவுஸ் என்னும் அமைப்பின்மேல் ஏவப்பட்ட வெள்ளம் விநாடிக்கு ஏறத்தாழ 300 கிகாபிட்டு வரை உயர்ந்ததாகக் கூறப்பட்டது. 2018 பெப்ரவரியிற் கிட்ஹப் தளத்தைத் தாக்கியது 1.35 ரெறாபிட்டை எட்டியது. இரண்டிலும் உபாயம் ஒன்றே. தாக்கப்படுபவரின் முகவரியைத் தன் முகவரியாகப் பொய்கூறிச் சிறு வினாவொன்றைப் பல சேவையகங்களுக்கு அனுப்பினால், அவை பன்மடங்கு பெரிய விடைகளை ஏதுமறியாத அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொட்டும். பொய் புறப்பட்ட வாயிலில் பட்டியல் இருந்திருப்பின் அம்முதல் வினா வெளியே வந்திராது.

எவ்வாயிலிற் பட்டியல் உண்டு, எவ்வாயிலில் இல்லை என்பதை வெளியிலிருந்து அறிதல் அரிது. உள்ளிருந்தே ஒரு பொய்ப்பொதியை விட்டுப் பார்த்தாலன்றித் தெரியாது. மசாச்சுசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் 2005 இல் றொபேட் பெவெளி என்பவர் அதற்கென ஒரு நிரலை எழுதினார். விரும்பியவர் தம் கணினியில் அதனை இயக்கலாம். அது வேண்டுமென்றே தவறான மூல முகவரியுள்ள சில பொதிகளை வெளியே அனுப்பும். மறுமுனையிலுள்ள சேவையகம் அவை வந்து சேர்ந்தனவா என்று பார்த்திருக்கும். பின்னர் இவ்வேலை சன்டியேகோவிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழக ஆய்வுநிலையத்தின் பொறுப்பில் வந்தது. பொதி வந்து சேர்ந்ததாயின், அது புறப்பட்ட வலையமைப்பின் பெயர் பொதுவிற் காணக் குறித்து வைக்கப்படும். அதன் பொறுப்பாளருக்கும் அறிவித்தல் செல்லும்.